ஒரு தாளின் கனம்

மறையூர்க் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்து, இன்று அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறி வாழும் என் தமக்கையின் மகன், சென்ற ஆண்டு ஆவணியில் எனக்கொரு கடிதம் எழுதினான். "மாமா, உடன் பணிபுரியும் நண்பர்கள் வருகிற நவம்பரில் மான் வேட்டைக்கு வரும்படி அழைக்கிறார்கள். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன், உரிமமும் வாங்கிவிடுவேன். செமி ஆட்டோமாட்டிக் ரைபிள் ஒன்று வாங்கலாம் என்று எண்ணம். அதன்மேல் ஸ்கோப்பைப் பொருத்த எந்த மவுண்ட் ஏற்றது என்பதில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்களுக்குத் துப்பாக்கி பழக்கம் என்று அம்மா சொன்னார்கள். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்பது அதன் சாரம்.

எனக்குப் பழக்கம் என்பது சற்று மிகைதான். கொல்லங்கோட்டுக்கு அப்பால், நெல்லியாம்பதி மலையின் அடிவாரத்தில், எங்கள் தந்தையார் பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்று ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதைத் துடைத்து எண்ணெயிடும் வேலை சிறுவனாகிய என்னுடையது. பிற்காலத்தில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சில ஆண்டுகள் தாளில் வரைந்த வட்டங்களைச் சுட்டுப் பயின்றேன். என் அறிவு அவ்வளவே. ஆயினும் அக்கடிதத்துக்கு விடையெழுத எனக்கு ஏழு வாரங்கள் பிடித்தன. எந்தத் துப்பாக்கி, எந்த மவுண்ட் என்று கேட்டவன், மானைச் சுடலாமா என்று கேட்கவில்லை. அவன் கேளாத கேள்வியை நான் எழுப்புவது முறையா என்பது என் முதல் தயக்கம். அதை எழுப்பாமலே கேட்டதற்கு மட்டும் விடை சொல்ல இயலுமா என்பது அடுத்த தயக்கம்.

நம் எல்லை மலைகளில் பிறந்த எவர்க்கும் இது வெறும் கடைச்சரக்கு விசாரணையாகத் தோன்றாது. மறையூரிலிருந்து உடுமலைக்கு இறங்கும் சாலை சின்னாற்றுக் காட்டின் ஊடே செல்கிறது. மாலை வேளையில் அவ்வழியே பேருந்தில் வருவோர் புள்ளிமான் கூட்டத்தைக் காண்பது அரிதன்று. இருள் கவியும்போது மிளா ஒன்று சாலையோரம் நின்று செவியை நிமிர்த்தும். நம் பிள்ளைகள் மானை முதலில் கண்டது சன்னலோரத்து இருக்கையிலிருந்துதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்தவர்கள் ஆதலின், மானைச் சுடுவது சிறைக்குரிய குற்றம் என்ற அறிவோடு வளர்ந்தவர்கள். அதே பிள்ளை கடல் கடந்ததும், மானைச் சுடுவது பருவகாலமும் கட்டணமும் பயிற்சி வகுப்பும் உடைய ஒழுங்கான பொழுதுபோக்காக மாறிவிடுகிறது. நிலம் மாறினால் அறம் மாறுமா என்று கேட்பது எளிது. நான் அப்படிக் கேட்கப் போவதில்லை. ஏனெனில் நம் மலைகளின் பழைய கதையும் அத்துணைத் தூய்மையானதன்று.

என் இளமையில் எங்கள் பக்கத்தில் வேட்டை என்றால் நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈயச் சில்லுகளைப் போட்டு, மறுபடியும் நாரை வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே வெற்றிலை போட்டுத் துப்பிவிடலாம். ஒரே ஒரு வெடிதான் என்பதால் அக்காலத்து வேட்டைக்காரன் பொறுமையும் குறியும் உடையவனாக இருந்தான் என்று முதியோர் சிலர் பெருமையாகப் பேசுவர். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன். அந்நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு மிளா. எனக்குப் பத்து வயதிருக்கும். கோடையில் ஒரு நாள் விடியற்காலை எங்கள் குளத்தங்கரையில் அது நின்றுகொண்டிருந்தது. ஆளைக் கண்டும் ஓடவில்லை. அதன் கீழ்த்தாடை சிதைந்து தொங்கியது, ஈ மொய்த்தது. எத்தனையோ நாள்களுக்கு முன் எவனோ தலைக்கு வைத்த குறி தாடையில் பட்டிருக்கிறது. புல்லை மேயவும் இயலாமல், நீரைப் பருகவும் இயலாமல் அது மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது. தந்தையார் துப்பாக்கியை எடுத்து வந்தார். அதன்பின் அன்று முழுவதும் அவர் யாரிடமும் பேசவில்லை. மெதுவாகச் சுடும் கருவி என்பதனாலேயே அது அருளுடைய கருவியாகிவிடாது என்பதை நான் அன்று கற்றேன்.

மலையின் உச்சியில் வேறொரு வகை வேட்டை நடந்தது. மூணாற்றுக்கு மேலே இரவிகுளம் புல்வெளிகளில் வரையாட்டை வேட்டையாடுவதைத் தேயிலைத் தோட்டத் துரைமார் ஒரு கலையாகவே பயின்றனர். அதற்கெனக் காப்புச் சங்கமொன்றை அமைத்து, முதுவர் குடியினரைக் காவலராக வைத்து, இன்னார் இத்தனை தலைகளே சுடலாம் என்று வரையறுத்தனர். அவர்கள் நாடியது முதுகில் வெள்ளிச் சேணம் இட்டாற்போல நரை படிந்த முதிய கடாக்களை. கருநிறக் கடாக்களுக்கிடையே அந்த நரையைத் தேர்ந்தறிய, பாறை மறைவில் படுத்துத் தொலைநோக்கியால் நெடுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. 1971இல் கண்ணன் தேவன் மலைநிலங்களை அரசு மீட்டுக்கொள்ளும் சட்டம் வந்தது; 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று; 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. இன்று உலகில் வரையாடு மிகுதியாக வாழும் இடங்களுள் அது முதன்மையானது. வேட்டைக்காக ஒதுக்கி வைத்த நிலமாதலால்தான் அது தேயிலையாக மாறாமல் தப்பியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒப்புக்கொள்ளும்போது நமக்குக் கொஞ்சம் கசக்கிறது. தேயிலை பறித்த நம் பாட்டன்மார் அந்தப் புல்வெளியில் கால் வைக்கவும் அனுமதியில்லாதிருந்தது அந்தக் கசப்பின் ஒரு பகுதி.

இனி அவன் கேட்ட கருவிக்கு வருவோம். இந்தியாவில் இக்கேள்வியே எழாது. நமது ஆயுத விதிகளின்படி அரைத்தானியங்கி ரைபிள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது; சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் கிடைக்காது. ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 போல்ட் ரைபிள்தான் நம் நாட்டில் உரிமக்காரர் கையில் பெரும்பாலும் காணப்படுவது. அந்த .315க்கே ஒரு வரலாறு உண்டு. படையினரின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாதென்று வெள்ளை அரசு தடுத்தமையால் செல்வாக்குப் பெற்ற அளவு அது. போல்ட் ரைபிளில் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, தாழ்த்த வேண்டும். வெற்றுத் தோட்டா வெளியே விழும், புதியது உள்ளே ஏறும். அரைத்தானியங்கியில் இவ்வேலையைக் கையன்றித் துப்பாக்கியே செய்கிறது. பெரும்பாலானவற்றில் குண்டைத் தள்ளிச் செல்லும் வாயுவில் சிறு பங்கு குழலிலுள்ள ஒரு துளைவழியே திரும்பி, ஒரு தண்டைத் தள்ளிப் பூட்டைத் திறக்கிறது. சுருள்வில் அதை மூடுகிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி; மீண்டும் அழுத்தினால் மறு வெடி. இதில் புதுமை ஏதும் இல்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் எட்டாம் மாதிரி 1906ஆம் ஆண்டிலேயே வேட்டைக்காரர்க்கு விற்பனைக்கு வந்துவிட்டது. 1960இல் வந்த ரெமிங்டன் 742ஐ அமெரிக்க மான் வேட்டைக்காரருள் அறியாதார் இல்லை.

அரைத்தானியங்கியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்பவன் துப்பாக்கியைத் தோளில் வைத்தறியாதவன். வாயுவின் ஒரு பகுதி பூட்டைத் திறப்பதில் செலவாவதாலும், அந்த அசைவு சற்று நீண்டு நிகழ்வதாலும், பின்னுதைப்பு தோளில் மெல்லென இறங்குகிறது. புதிதாகச் சுடுவோர் குறி தவறுவதற்குத் தலையாய காரணம் பின்னுதைப்புக்கு அஞ்சி, விசையை அழுத்தும் அக்கணத்தில் கண்ணை மூடித் தோளைக் குலுக்குவதே. அச்சம் குறைந்தால் குறி நேராகும்; குறி நேரானால் விலங்கு துன்பமின்றி விழும். மற்றொன்றும் உண்டு. முதற்குண்டு பிழைபட்டு விலங்கு அடிபட்டு ஓடும்போது, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே இரண்டாம் குண்டால் அதன் வேதனையை முடிக்க இயலும். எங்கள் குளத்தங்கரை மிளாவுக்கு அப்படியொரு இரண்டாம் குண்டு அன்றே கிடைத்திருந்தால் அது அத்தனை நாள் அலைந்திராது. இதை நான் எளிதில் தள்ள இயலவில்லை.

ஆனால் இரண்டாம் குண்டு உண்டு என்னும் எண்ணம் முதற்குண்டுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் ஐயம் அங்கேதான் தொடங்குகிறது. மகாபாரதத்தில் பாண்டுவின் கதை நாமறிந்ததே. மான் உருக்கொண்டு துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரை அவன் அம்பெய்து வீழ்த்தினான். எய்தது ஓர் அம்பன்று, ஐந்து அம்புகள் என்று வியாசர் கணக்குச் சொல்கிறார். சாகும் தறுவாயில் முனிவர் பேசுவதை ஊன்றி நோக்க வேண்டும். அரசர் மானை வேட்டையாடுவது வழக்கம் என்று பாண்டு வாதாட, வேட்டையாடியதற்காக உன்னைப் பழிக்கவில்லை என்கிறார் அவர். பொறுத்திருக்கவில்லையே, அந்தக் கூடல் முடியும்வரை காத்திருக்கவில்லையே என்பதே அவர் குற்றச்சாட்டு. கொலையைவிடக் காத்திராமையைப் பெரிய பிழையாக அக்கதை கருதுகிறது. ஐந்து அம்புகளை அடுத்தடுத்துத் தொடுக்கவல்ல கைக்குக் காத்திருத்தல் கடினம். தன் கைவேகத்தையே அவன் தன் உரிமையாக எண்ணிவிட்டான்.

தசரதன் கதை இன்னும் நெருக்கமானது. இருளில் ஆற்றங்கரையில் குடம் நிறையும் ஒலியை யானை நீர் பருகும் ஒலி என்று கருதி, ஒலிவழிக் குறி தவறாத தன் வித்தையில் செருக்குற்று எய்தான். குறி தவறவில்லை, குறியாக இருந்தது ஒரு சிறுவன். கருவி குற்றமற்றது, கை குற்றமற்றது, கண் மட்டும் அங்கே இல்லை. இவ்விருவரோடு வல்வில் ஓரியையும் நினைத்துக்கொள்கிறேன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் வியந்து பாடியிருக்கிறார். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் சுடலாகாது என்பது என் மருமகன் படித்த பயிற்சி வகுப்பின் முதற்பாடங்களுள் ஒன்று. அந்த வகுப்பில் ஓரி தேறியிருக்க மாட்டான்!

கண்ணில்லாத ஆயுதம் எதுவென்று பாலக்காட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மண்ணார்க்காட்டு வனப்பகுதியில் கருவுற்றிருந்த பெண் யானையொன்று, வெடிமருந்து பொதிந்த தீனியைக் கடித்து வாய் சிதைந்தது. வலியும் ஈயும் தாங்காமல் வெள்ளியாற்று நீரில் துதிக்கையையும் வாயையும் அமிழ்த்தியபடியே நின்று மே 27ஆம் நாள் உயிர்விட்டது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடி அத்தகையது; கடிப்பது பன்றியா, யானையா, ஆடு மேய்க்கும் பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை. வைத்தவன் அப்போது வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். அந்தப் படத்தை உலகமே கண்டு கண்ணீர் விட்டது. அவ்வெடியை வைக்கத் தூண்டிய பயிர்ச்சேதத்தை அவ்வளவு பேர் கண்டிலர். ஒரே இரவில் கிழங்குத் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனபின் விடியற்காலையில் வரப்பில் நிற்கும் குடியானவனின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். வட்டவடையிலும் காந்தளூரிலும் பூண்டும் உருளையும் விதைத்தவர்கள் காட்டுமாட்டுக்கு அஞ்சி இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். தினைப்புனம் காத்த குறிஞ்சித் தலைவிக்குக் கிளியும் பன்றியும் அழகான இடையூறுகளாக இருந்திருக்கலாம். வங்கிக் கடன் உள்ள புனத்துக்கு அவ்வழகு இல்லை.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. துப்பாக்கி உரிமம் உடையவர் சுடலாம். நஞ்சும் வெடியும் மின்வேலியும் கூடா. இறைச்சியை உண்ணலாகாது; புதைத்துவிட வேண்டும். கொல்ல வேண்டியிருப்பின் கண்ணால் கண்டு, இன்னதென்று அறிந்து, எதிரே நின்று கொல்லவேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை. சட்டம் எழுதியோர் அப்படி எண்ணினரோ இல்லையோ, நான் அப்படித்தான் அதைப் படிக்கிறேன்.

இவ்வாறு பார்க்கும்போது ஸ்கோப் என்பது வெறும் சொகுசுக் கருவியாகத் தோன்றவில்லை. தசரதனிடம் இல்லாதிருந்தது எதுவோ அதுதான் அது. கொம்பா கிளையா, ஆணா பெண்ணா, பாலூட்டும் தாயா, அப்பால் நிற்பது பாறையா ஆளா என்பதைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து காட்டுகிறது. அங்கும் ஒரு கண்ணி உண்டு. எதுவென்று அறிவதற்காகவே ஸ்கோப்பைத் திருப்புகிறவன், அறிவதற்கு முன்பே துப்பாக்கியின் வாயை அதன்மேல் திருப்பிவிட்டான். ஆகவே, பார்ப்பதற்குத் தனியே ஒரு தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். சுடுவதென்று முடிவான பிறகே துப்பாக்கி தோளுக்கு வரவேண்டும். இரவிகுளத்துத் துரைமார்கூட அதைச் சரியாகச் செய்தனர்.

மவுண்டைப் பற்றி அவன் கேட்டது நல்ல கேள்வி. ரைபிளைப் பற்றிக் கேட்டதைவிட நல்ல கேள்வி என்றுகூடச் சொல்வேன். ஸ்கோப்பைத் துப்பாக்கியின் முதுகில் பிணைப்பவை ஒரு பட்டை, இரண்டு வளையங்கள், சில திருகாணிகள். கடையில் ஸ்கோப்புக்கு ஆயிரம் டாலர் கொடுப்பவர் வளையத்துக்கு இருபது டாலர் கொடுக்க யோசிப்பார் என்று கேள்விப்படுகிறேன். கணக்கைப் பாருங்கள். இரு வளையங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று கொள்வோம். திருகாணி தளர்ந்து ஒரு வளையம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அது ஆயிரத்தில் ஒரு பங்குச் சாய்வு. 100 மீட்டர் தொலைவில் அதே ஆயிரத்தில் ஒரு பங்கு 10 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது; 200 மீட்டரில் 20 சென்டிமீட்டர். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய இடம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டம். நம் வீட்டுச் சோற்றுத் தட்டைவிடச் சிறியது. அதன் நடுவை நோக்கிய குண்டு 10 சென்டிமீட்டர் விலகினால் விளிம்பில் படும். இன்னும் சற்று விலகினால் குடலில் பாயும், அல்லது காலை முறிக்கும், அல்லது தாடையைச் சிதைக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது சாதாரண எழுதுதாள் ஒன்றின் கனம். அக்கடிதத்தை நான் எழுதிய தாளின் கனமும் அதுவே. விரலிடையே அதை உருட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே அவனுக்குச் சில செய்திகளை விரிவாகவே எழுதினேன். ஸ்கோப் எவ்வளவு தாழ்வாக அமைகிறதோ அவ்வளவு நன்று. கன்னம் கட்டையில் அழுந்தப் படிய வேண்டும். அடியில் இரும்புக் குறியும் தெரியட்டும் என்று உயரமாகச் செய்த வளையங்கள் விற்கின்றன. அவற்றில் கன்னம் அந்தரத்தில் நிற்கும், குறி நிலைக்காது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையேல் பின்னுதைப்பில் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். அரைத்தானியங்கியே வாங்குவதானால் வெற்றுத் தோட்டா வெளிப்படும் வழியை மவுண்ட் மறைக்கலாகாது. பழைய எம்-1 காரண்ட் போல மேல்நோக்கி எறியும் துப்பாக்கியில் ஸ்கோப்பை இடப்புறம் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. திருகாணித் துளைகளின் எண்ணெயைத் துடைத்து, செய்தவர் குறித்த அளவுக்கு அளவுச்சாவியால் முடுக்க வேண்டும்; கைவலிமையைக் காட்டினால் மரை கெடும். முடுக்கியபின் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய வேண்டும். ஊர்தியில் கொண்டுபோய், கல்லும் மேடும் கடந்து வேட்டைக் களத்தை அடைந்தபின் மறுபடியும் ஒருமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். இதில் எதுவும் மானின் முன்னிலையில் நடப்பதில்லை. மானுக்கு நாம் செய்யும் நன்மையோ தீமையோ பெரும்பாலும் அது நம் கண்ணில் படுவதற்கு முன்பே, ஒரு மேசையின்மேல், விளக்கின் அடியில் முடிவாகிவிடுகிறது.

ரைபிளைப் பற்றி எழுதும்போது அந்நாட்டு வழக்குகளையே எடுத்துக்காட்டினேன். நீர்ப்பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வைக்கவேண்டும் என்று 1935 முதல் அமெரிக்கக் கூட்டரசு விதித்திருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் அரைத்தானியங்கி ரைபிளை வேட்டைக்கு அனுமதிக்க 2016இல் சட்டம் வழிவிட்டது. 2017இல் அங்குள்ள வேட்டை ஆணையம் சிறு விலங்குகளுக்கு மட்டும் அனுமதித்து, மான் முதலிய பெருவிலங்குகளுக்கு மறுத்துவிட்டது. அதை எதிர்த்தவர்கள் புலால் மறுத்த சான்றோர்கள் அல்லர், மான் வேட்டைக்காரர்களே. டெக்சாஸில் அத்தகைய தடை இல்லை. போல்ட் ரைபிளின் கைப்பிடியை இயக்கும் அந்த ஓரிரு நொடிகளில் ஒருவன், முதற்குண்டு எங்கே பட்டது, மான் எப்பக்கம் திரும்பியது, அங்கே இன்னொன்று நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறான். அப்படிப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அரைத்தானியங்கியாலும் கேடில்லை. அப்படிப்பட்டவன் முதல் வேட்டைக்குப் போகிறவனாக இருக்க மாட்டான்.

எழுப்பத் தயங்கிய கேள்வியையும் இறுதியில் எழுப்பினேன். வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் இல்லறவியலில் வையாமல் துறவறவியலில் வைத்தார். இல்லறத்தானுக்கு விலக்களித்தார் என்று அதற்குப் பொருள் கூறி ஆறுதல் அடைவோர் உண்டு. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எல்லாரும் ஏறிவிட முடியாத உயரம் என்று அறிந்தும் வழியை அழிக்காமல் வைத்துப் போனார் என்றே கொள்கிறேன். டெக்சாஸில் வெண்வால் மான் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று அம்மாநிலத் துறையினர் மதிப்பிடுகின்றனர். அதை அடக்கி வைத்திருந்த ஓநாயை மனிதன் அங்கே ஒழித்துவிட்டான். ஓநாயின் வேலையை இப்போது அவனே செய்யவேண்டியிருக்கிறது. செய்யாவிடில் மான் பட்டினியாலும் சாலையிலும் சாகும். சின்னாற்றிலும் பரம்பிக்குளத்திலும் அவ்வேலையைச் செய்யப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. அங்கே மனிதன் துப்பாக்கியோடு நுழைந்தால் அவற்றின் வாயிலிருந்து பறிக்கிறவனாவான். ஆதலின் இரண்டு நிலங்களுக்கும் ஒரே விதியைச் சொல்ல நான் துணியவில்லை. கடையில் பொதிந்து விற்கும் ஆட்டிறைச்சியை உண்டுகொண்டே, காட்டில் சென்று தன் கையால் கொன்று உண்பவனைக் கொடியவன் என்று பழிப்பதற்கும் எனக்கு வாயில்லை. நான் புலால் உண்பவன்.

"தம்பி, நீ போகாமலிருந்தால் மகிழ்வேன். போவதானால் போல்ட் ரைபிளை வாங்கு. வளையத்தில் சிக்கனம் பிடிக்காதே. ஐயமிருந்தால் விசையைத் தொடாதே. அடிபட்டது எங்கு போனாலும் இருட்டினாலும் தேடிக் கண்டுபிடிக்காமல் வீடு திரும்பாதே" என்று முடித்தேன். குளத்தங்கரை மிளாவைப் பற்றியும் எழுதினேன். அவன் தாய்க்கு அது நினைவிருக்கும். அன்று அவளும் அங்கே நின்றாள்.

கார்த்திகையில் விடை வந்தது. அரைத்தானியங்கியே வாங்கிவிட்டானாம். தோளில் முன்பு ஏற்பட்ட ஒரு முறிவு காரணமாகப் பின்னுதைப்பைத் தாங்க இயலவில்லை என்று எழுதியிருந்தான்; அது எனக்குத் தெரியாத செய்தி. நல்ல வளையங்களாக வாங்கி, அளவுச்சாவியும் வாங்கியிருக்கிறான். "மாமா, பெட்டியில் ஒரே ஒரு தோட்டாவைத்தான் போடுகிறேன். மற்றவை சட்டைப்பையில் இருக்கின்றன. அடிபட்டு ஓடினால் எடுத்துப் போட எவ்வளவு நேரமாகும் என்று வீட்டுப் பின்புறத்தில் பழகி வருகிறேன். இப்போது நான்கு நொடி ஆகிறது" என்று இருந்தது. நான்கு நொடி மிகுதியா குறைவா என்று நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். களத்தில் பெருங்கொம்புடைய கலை ஒன்று எதிரே வந்து நிற்கும்போது அந்த மற்றத் தோட்டாக்கள் சட்டைப்பையிலேயே இருக்குமா என்பதும் தெரியாது. தமக்கையிடம் இக்கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, அவனுக்குத் தோள் முறிந்தது எப்போது என்று கேட்டாள்.